பதினோரு நாள் பால்

குமரவேல் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றபோது ஜெயசெல்வி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பங்குனி மாதம்; காலை ஒன்பது மணிக்கே மந்தாரக்குப்பத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. குமரவேல் பக்கத்து வீட்டுக்காரன், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. ஏதாவது வேண்டுமென்றால் மனைவி வளர்மதியைத்தான் அனுப்புவான். இன்றைக்கு அவனே வந்து, நிலைப்படியைத் தாண்டாமல், கத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, வளர்மதிக்கு அம்மா வந்துருக்கா. முதுவெல்லாம் முத்து. புள்ளைக்குப் பால் குடுக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பவுடர் பால் கரைச்சு ஊத்துனா துப்பிட்டுக் கத்திக்கினே இருக்கான்."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பிள்ளை பசித்து அழுகிறது, பால் உள்ளவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் பேச்சு எதற்கு? ஜெயசெல்வி மீன் வாடை போக இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். லோகித்துக்கு அப்போது மூன்று மாதம். அவளுடைய பெனிட்டாவுக்கு நான்கு. அவன் ஒரு முறை முகம் பார்த்தான், பிறகு வாய் வைத்துவிட்டான்.

அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், தாளிக்கமாட்டார்கள், கறி மீன் ஏறாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜெயசெல்வி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், கழுத்தில் சிலுவை போட்டவள். ஆனாலும் அந்த மீனை அப்படியே எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பதினோரு நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் ரசத்துக்குக்கூடத் தாளிப்பு இல்லை. வாசனை சுவரைப் பார்த்து நிற்குமா என்ன? சாமி யாருடையதாக இருந்தால் என்ன, பிள்ளை பிழைக்க வேண்டும் என்றால் எல்லோரும் ஒரே கட்சிதான்.

வளர்மதி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எழுந்த அன்று, வடுக் காயாத முகத்தோடு ஒரு புடவையும் இரண்டு முழம் மல்லிகையும் கொண்டுவந்து ஜெயசெல்வி கையில் வைத்தாள். "என் வூட்டு வாரிச நீ காப்பாத்திக் குடுத்துட்ட செல்வி. அவனுக்கு நீயும் தாய்தான்" என்றாள். இதைத் தெருக்குழாயில், ரேஷன் வரிசையில், போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஜெயசெல்விக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. பெருமை யாரைத்தான் விட்டது?

ஆடி பிறந்தபோது அவள் புருஷன் ஆனந்த்ராஜுக்கு இருமல் நிற்கவில்லை. அவன் வெல்டர். முந்தின வருஷம் பெரும்பாலும் வெளிமாநிலத்தில் ஒரு மின்நிலைய வேலையில் கிடந்தவன், பெனிட்டா பிறந்து இரண்டு மாதம் கழித்துத் தைக்குத்தான் ஊர் திரும்பினான். வெல்டிங் புகை என்றான், சாம்பல் தூசி என்றான். எடை குறைந்து பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்த பிறகே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். டி.பி. என்றார்கள். டி.பி. என்றால் எச்.ஐ.வி.க்கு இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். அதிலும் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஜெயசெல்விக்கும் எடுத்தார்கள்.

ஆலோசனை அறையில் அருள்மொழி என்கிற மேடம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள். கர்ப்பத்தில் எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. ஆகவே அது தைக்குப் பிறகு வந்தது. மாத்திரை விடாமல் சாப்பிட்டால் ஆயுசுக்கும் நன்றாக இருக்கலாம். குழந்தைக்கும் பரிசோதனை எடுத்து, மருந்து ஊற்றவேண்டும்.

"கொழந்தைக்கு எப்படி மேடம்? அவ பொறந்தப்ப எனக்கு இல்லன்னு நீங்களே சொல்றீங்க."

"பால் வழியாப் போவலாம்மா. அதுவும் நமக்குப் புதுசா தொத்துன முதல் சில மாசம், பால்ல கிருமி ரொம்ப அதிகமா இருக்கும். நமக்குத் தெரியாது. ஒரு காய்ச்சல் வந்து போன மாதிரிதான் இருக்கும்."

முதல் சில மாதம். மாசி, பங்குனி. ஜெயசெல்வி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடத்துக்கு அனுபவம் போதாதா என்ன, அந்த மௌனம் எங்கே போகிறது என்று பிடித்துவிட்டாள்.

"வேற எந்தக் கொழந்தைக்காவது பால் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"குடுத்திருந்தா சொல்லணும். நாங்க யார்கிட்டயும் உங்களப் பத்திச் சொல்லமாட்டோம். அது சட்டம். அதனால நீங்கதான் சொல்லணும்."

"இல்ல மேடம். யாருக்கும் குடுக்கல."

அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று பஸ்ஸில் வரும்போது அவளுக்கே விளங்கவில்லை. நூற்றுக்கும் மேல் முறை கொடுத்திருந்தாள். பதினோரு நாள், நாளுக்குப் பத்துத் தடவைக்குக் குறையாது.

மருந்து சாப்பிட்டுக்கொண்டே பெனிட்டாவுக்குப் பால் தரலாம் என்றுதான் மேடம் சொல்லியிருந்தாள். ஜெயசெல்வியால் முடியவில்லை. பிள்ளை வாய் வைக்கும்போதெல்லாம் கையால் விஷம் ஊட்டுவதுபோல இருந்தது. வேப்பெண்ணெய் தடவி இரண்டே நாளில் மறக்கடித்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து பெனிட்டாவின் முடிவு வந்தது. கிருமி இல்லை. ஜெயசெல்வி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை ஓய்ந்த இடத்தில், கேட்காமலே அடுத்த நினைப்பு வந்தது. அப்படியானால் அவன்?

அன்றிலிருந்து அந்தச் சுவர் அவளைத் தூங்கவிடவில்லை, சமைக்கவிடவில்லை. ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் லோகித் இருமினால் இந்தப் பக்கம் அவள் கை நின்றுவிடும். ஒன்று, இரண்டு என்று இருமலை எண்ணுவாள். மதியத்தில் சுரங்கத்தில் வெடி வைத்து அலமாரிப் பாத்திரம் அதிரும்போது பிள்ளை திடுக்கிட்டு அழும். அவன் அழுதால் இவளுக்கு மார் கட்டிக்கொண்டு நைட்டி நனையும். மறக்கடித்து ஒரு மாதமாகியும் அவன் குரலுக்கு மட்டும் பால் வந்தது. தான் பெற்ற பெனிட்டா அழுதால் வராத பால். உடம்புக்கு என்ன தெரியும், அது தன் கணக்கை மறக்காமல் வைத்திருந்தது. நைட்டியை மாற்றிக்கொண்டு, நனைந்ததைத் தனியாக வாளியில் போட்டுக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவாள். துணியில் ஒட்டாது என்று மேடம் சொல்லியிருந்தும் ஊற்றுவாள்.

ஆனந்த்ராஜிடம் ஒரு நாள் சொன்னாள். அவன் கட்டிலில் சுருண்டிருந்தான். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு சின்னவனாக அவனை அவள் பார்த்ததில்லை.

"வளர்மதி அக்காகிட்ட சொல்லிறவா?"

"சொல்லி? நாளைக்கே வூட்ட காலி பண்ணச் சொல்லுவாங்க. எவன் நமக்கு வூடு குடுப்பான்? வேலைக்குப் போனா கேட்ல பாஸ் குடுப்பானா? பெனிட்டாவ எந்தப் புள்ள தொட்டு வெளயாடும்?" அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். "அவன் நல்லாதான இருக்கான் செல்வி. நம்ம புள்ளைக்கே வரல. அவனுக்கு எப்படி வரும்?"

இதைத்தான் அவளும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வளர்மதி வீட்டுக்குப் போவாள். லோகித்தின் நெற்றியில் கை வைப்பாள். கொஞ்சுவதுபோலக் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவுவாள். "எத்தன கிலோக்கா இருக்கான்?" என்பாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்பாள். வளர்மதி முதலில் சிரித்தாள், பிறகு பதில் மட்டும் சொன்னாள், அதற்குப் பிறகு பிள்ளையின் கன்னத்தில் பெரிதாக ஒரு கறுப்புப் பொட்டு வைக்க ஆரம்பித்தாள். ஜெயசெல்வி அதைப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கு உறைக்கவில்லை.

ஆவணி பாதியில் லோகித்துக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நாலு நாள், அஞ்சு நாள், நிற்கவில்லை. ஒரு மதியம் வளர்மதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மனசில் எதை வைத்திருந்தாலும், பிள்ளைக்கு முடியவில்லை என்றால் தாய்க்கு மானம் ரோஷம் கிடையாது.

"எதுவும் எறங்கல செல்வி. எனக்கும் பால் சுண்டிப்போச்சு. ஒன் பாலுன்னா குடிப்பான். ஒரு வாய் குடேன்."

பிள்ளை மெலிந்திருந்தது. ஜெயசெல்வியைப் பார்த்ததும் கையை நீட்டி, முகத்தை அவள் மார்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதது.

"பால் இல்லக்கா. மறக்கடிச்சிட்டேன். சுத்தமா நின்னு போச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, நைட்டியின் முன்பக்கத்தில் இரண்டு ஈர வட்டம் விழுந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. வளர்மதி அதைப் பார்த்தாள். ஜெயசெல்வி தோளிலிருந்த துண்டை இழுத்து மூடினாள். பார்த்ததை மூட எந்தத் துண்டு போதும்? வளர்மதி பிள்ளையின் தலையைத் தன் தோளுக்குள் அழுத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தெருக்குழாயில் ஜெயசெல்வியின் குடத்துக்கு இடம் விட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று ஒருத்தி யாரையோ பார்த்துச் சொன்னாள். வளர்மதி வீட்டில் பூட்டு தொங்கியது. பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டதாம். பொழுதன்னைக்கும் எடை கேட்ட கண், பாலை வைத்துக்கொண்டே இல்லை என்ற கண். காடாம்புலியூரில் அக்கா மலர்கொடி வீட்டுக்குத் தூக்கிப்போயிருக்கிறாள், அங்கே ஒருவர் நன்றாக மந்திரிப்பாராம், மூன்று வாரத்துக்கு மூன்று செவ்வாய் மந்திரிக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டார்களாம். எதிர்வீட்டு அம்மாள் இதையெல்லாம் இரக்கத்தோடுதான் சொன்னாள்.

இரண்டு நாள் பக்கத்து வீடு பூட்டியே கிடந்தது. குமரவேலும் ஷிஃப்ட் முடிந்து காடாம்புலியூர் போய்விடுவான். ஆள் இல்லாத அந்த வீட்டிலிருந்து ஜெயசெல்விக்கு இருமல் கேட்டது. முதல் தடவை பாத்திரம் உருண்டதாக நினைத்தாள். இரண்டாம் தடவை சுவரில் காதை வைத்தாள். வெயில் கொளுத்துகிற பகல் பதினோரு மணி. தெருவில் காய்கறி வண்டி போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருமுகிறது, பிறகு பசித்து முனகுகிறது. கொடுக்கும்வரை விடமாட்டேன் என்கிற முனகல். அவளுக்குப் பால் கட்டி நனைந்தது. வெளியே ஓடிப் போய் அந்தப் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் "லோகித்து" என்று கதவிடம் கூப்பிட்டாள்.

தன் குரலைத் தானே கேட்ட பிறகு அவள் பூட்டை விட்டுவிட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளையை அவள் பேயாக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பேசாமல் இருந்தால் அது நிஜமாகவே நடந்துவிடும். பெனிட்டாவை ஆனந்த்ராஜ் பக்கத்தில் விட்டுவிட்டு, அவன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் பஸ் ஏறினாள்.

காடாம்புலியூரில் மலர்கொடி முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்குப் போயிருந்தாள். வளர்மதி மட்டும் வீட்டுக் கூடத்தில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கழுத்தில் புதுத் தாயத்து, நெற்றியில் விபூதி. ஜெயசெல்வியைக் கண்டதும் முந்தானையை இழுத்து அவன் முகத்தை மூடினாள்.

"எங்க வந்த?"

"அக்கா, என் கண்ணு இல்லக்கா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"என் கண்ணு இல்லக்கா. என் பாலு."

வளர்மதிக்குப் புரியவில்லை. ஜெயசெல்வி நின்றபடியே சொன்னாள். புருஷன் ரத்தத்தில் இருந்தது, தன் ரத்தத்தில் இருந்தது, பங்குனியில் அது தனக்கே தெரியாதது, பாலில் போனது, பெனிட்டாவுக்குப் பரிசோதித்தது. வியாதியின் பெயரையும் சொன்னாள். டி.வி.யிலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் பார்த்த அந்தப் பெயரை ஒரு வீட்டுக்குள் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வளர்மதி அழவில்லை. பிள்ளையின் உதட்டைக் கட்டைவிரலால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். ஐந்து மாதத்துக்கு முந்திய பாலைத் துடைத்தாள்.

"ஒனக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

"ஒன்னரை மாசமாக்கா."

"ஒன்னரை மாசம்." வளர்மதி தலையை ஆட்டிக்கொண்டாள். "பங்குனில நீ தெரியாம குடுத்த. அத நான் கேக்கல. நாங்கதான் தூக்கியாந்து குடுத்தோம். இந்த ஒன்னரை மாசம் தெரிஞ்சுக்கினு, எத்தன கிலோ இருக்கான்னு எங்கிட்ட கேட்டுக்கினு இருந்தியே செல்வி."

"நாளைக்கே அவனுக்கும் ரத்தம் பாத்துரலாம்க்கா" என்றாள் ஜெயசெல்வி.

மறுநாளே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குமரவேலிடம் வயிற்றுப்போக்குக்குக் காட்டப் போவதாக மட்டும் வளர்மதி சொல்லியிருந்தாள். பிள்ளையின் கால் பெருவிரலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்தார்கள். வளர்மதிக்கும் எடுத்தார்கள். வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்தார்கள்; அது நின்றது. அருள்மொழி மேடம் ஜெயசெல்வியைப் பார்த்தாள், அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. வளர்மதியிடம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மை போட்டிருந்தாலும், மார்ல கொப்புளம் இல்லன்னா, நீங்களே பாலைப் பீச்சி வேற ஆள் கையால குடுத்திருக்கலாம்மா. பால் வழியா அம்மை போவாது." வளர்மதி சரி என்று தலையாட்டினாள். அம்மைக்குப் பயந்துதான் அத்தனை பேரும் அத்தனை கவனமாக இருந்தார்கள். வேப்பிலை வைத்தார்கள், தாளிக்காமல் இருந்தார்கள், பிள்ளையைப் பத்திரமாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. அதற்குள் வளர்மதி பிள்ளையோடு தன் வீட்டுக்கே திரும்பியிருந்தாள். வராந்தாப் பெஞ்சில் இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடம் வளர்மதியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். ஜெயசெல்வி மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னாள். என் பிள்ளையைக் காப்பாற்றினாயே, அவனையும் விட்டுவிடு என்று கேட்டாள். கேட்டவளுக்கே அது பேரம் போலப் பட்டது.

வளர்மதி வெளியே வந்தபோது அவள் கையில் சிரப் பாட்டில்கள் இருந்தன. அந்தப் பாட்டில்களைப் பார்த்ததுமே ஜெயசெல்விக்குத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் குடித்த பெனிட்டா தப்பிவிட்டாள், பதினோரு நாள் குடித்தவன் மாட்டிக்கொண்டான். இதற்கு நியாயம் கேட்டால் எந்தச் சாமியும் வாய் திறக்காது. இன்னொரு முறை உறுதிப்படுத்துவோம், ஆனால் மருந்தை இன்றைக்கே தொடங்கவேண்டும் என்றிருக்கிறாள் மேடம். விடாமல் கொடுத்தால் வளருவான், பள்ளிக்கூடம் போவான், எல்லாப் பிள்ளைகளையும் போல இருப்பான் என்றும் சொல்லியிருக்கிறாள்.

பஸ் ஸ்டாப்பில் வளர்மதி முதல் தடவையாகப் பேசினாள். குரல் அடங்கிப்போயிருந்தது.

"எனக்கு இல்லியாம்."

"ம்."

"எனக்கு இல்ல, அவனுக்கு இருக்கு. அப்ப எங்கேந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. பச்சப்புள்ளைக்கு வந்துச்சுன்னா பெத்தவகிட்டேந்துதான்னு சொல்லுவாங்க. காயிதத்த எடுத்துக்கினு வூடு வூடா நான் காட்ட முடியுமா? அவரே நம்புவாரான்னு எனக்குத் தெரியல." அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஒன்ன நான் எதுவும் கேக்க மாட்டேன். நீயாதான் முடிவு பண்ணணும்."

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. குமரவேலுக்கு முதல் ஷிஃப்ட், இரண்டரைக்கு வந்துவிடுவான். ஜெயசெல்வி உள்ளே போய் பெனிட்டாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அரை கிண்ணம் சாப்பிடும்வரை ஊட்டினாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள்.

"போவாத செல்வி" என்றான் ஆனந்த்ராஜ். எங்கே போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. "இதுக்கு மேல போனா நமக்கு இந்த ஊர் இல்ல."

"இல்லதான்" என்றாள் அவள்.

குமரவேல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழுப்புத் தூசி படிந்த சட்டையோடு உள்ளே நுழைந்திருந்தான். வளர்மதி தரையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில்கள் அவள் முன்னால் இருந்தன. அவள் அவற்றை மறைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. இது என்ன மருந்து, வயித்துப்போக்குக்கு இத்தனையா, யார் எழுதிக் குடுத்தது என்று அவன் குரல் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் அதற்குள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் குடத்தோடு நின்றாள். ஜெயசெல்வி அவர்களை விலக்கிக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய், வளர்மதிக்கும் குமரவேலுக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணே, அக்காகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள், வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி. "எங்கிட்ட கேளுங்க."